என் மகள் பதிவு செய்த சைரன்

இப்போதெல்லாம் எங்கே பெரிய சத்தம் கேட்டாலும் என் மகள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். குக்கர் விசில், சரக்கு ரயில், பக்கத்துத் தெருக் கோயிலில் மைக் டெஸ்டிங், எதுவானாலும். என் முகத்தில் அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதை மறைக்க எனக்கு இன்னும் வரவில்லை.

திருவொற்றியூரில் ஒரு கடையில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்வது என் வேலை. பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. வீடு காத்திவாக்கத்தில். கடைக்காரர் புதிய கம்ப்யூட்டர்கள் வாங்கியபோது பழையதில் ஐந்தைக் கேட்டு வாங்கி எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் வைத்தேன். வாரத்தில் மூன்று நாள், பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். படம் வரைவார்கள், எழுத்துகளை அழகாக அடுக்குவார்கள், திரையில் வண்ணக் கட்டைகளைக் கோர்த்துத் தாங்களே விளையாட்டு உருவாக்குவார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அவர்களில் ஒருத்தி. கூடத்துக்குள் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். மற்றவர்கள் கேலி செய்யக்கூடாதென்று அவளே வைத்துக்கொண்ட விதி அது. வீட்டில் நான் நைனா.

எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நெட்டிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. கண்ணீர் அஞ்சலிப் பேனர்களுக்குப் பின்னால் யாரும் பார்த்திராத பனிமலைகளை வைத்து வைத்து எனக்கே சலித்துப் போயிருந்தது. "உங்க தெருவைப் போட்டோ எடுங்க. உங்க வூட்டுச் சத்தத்தைப் பதிவு பண்ணுங்க" என்பேன். அப்படித்தான் தண்ணி லாரியின் ஹாரனும், ஐஸ் உடைக்கும் சத்தமும், ஒருத்தியின் பாட்டி போடும் தும்மலும் அவர்களுடைய விளையாட்டுகளுக்குள் வந்தன.

என் மகள் வாயுக் கசிவை வைத்து ஒரு விளையாட்டு செய்தாள். அது எங்கள் ஊரில் கற்பனை அல்ல. ஒருமுறை கண் எரிய, தொண்டை அடைக்க எல்லோரும் ஓடியிருக்கிறோம். அருகிலுள்ள ஒரு தொழிற்சாலை மாதத்தின் முதல் திங்கள் காலை பத்து மணிக்குச் சைரனை ஊதிச் சோதிக்கும். அப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வேறு நாளில் ஊதினால் துணியை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும். காற்றோடு ஓடினால் வாயு துரத்தும், எதிர்த்து ஓடினால் அதற்குள்ளேயே போய் விழுவோம். இதைப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள்.

அவள் விளையாட்டும் அதுதான். எங்கள் தெருவின் படம், ஒரு சிறுமி, காற்றைக் காட்டும் ஓர் அம்புக்குறி. சைரன் ஒலித்ததும் சிறுமி துணியை நனைத்துக்கொண்டு சரியான பக்கம் ஓட வேண்டும். முதலில் அதில் கம்ப்யூட்டரிலேயே இருந்த சைரன் ஒலியைத்தான் வைத்திருந்தாள்.

அவளுடைய தோழி, இறால் பிடிக்கிறவரின் மகள், ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "இன்னாடி இது, போலீசு வண்டி மாரி கீது? நம்மது இப்டியா கத்தும்?"

"நம்மது வயித்து வலி வந்த எரும மாரி கத்தும்" என்றாள் இன்னொருத்தி.

மகள் என்னைப் பார்த்தாள். "சார், நெஜ சைரனையே பதிவு பண்ணட்டா?"

நான்தான் சரி என்றேன். அவளைப் பாராட்டவும் செய்தேன். அடுத்த முதல் திங்கள் பள்ளி விடுமுறையாக இருந்தது. என் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடியில் பத்து மணிக்குக் காத்திருந்தாள். இரைச்சலை நீக்கி ஒலியைத் தெளிவாக்குவது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

பிள்ளைகளின் வேலைகளைப் பெற்றோருக்குக் காட்ட ஒரு சனிக்கிழமை மாலை வைத்தோம். கூடம் நிறைந்துவிட்டது. மைக் செட் பார்த்துக்கொள்கிறவர் என் கம்ப்யூட்டரிலிருந்து ஒயரை இழுத்து மாட்டினார். கூடத்தின் மொட்டை மாடியில் நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர்கள் உண்டு. புயல் வந்தால் கடலுக்குப் போகாதீர்கள் என்று அறிவிப்பது அவற்றில்தான்.

"உள்ள பாக்ஸ் மட்டும் போதுமா சார், இல்ல மேல குழாயிலயும் வுடட்டா?"

"வுடுங்க. ஊரே கேக்கட்டும்" என்றேன்.

சைரனைப் பற்றி அந்த நேரத்தில் எனக்கு நினைவே இல்லை. மகள் மேடையேறப் போகிறாள் என்பது மட்டும்தான் இருந்தது.

ஐந்தாவதாக அவள் வந்தாள். விளையாட்டை விளக்கிவிட்டுப் பட்டனை அமுக்கினாள். சைரன் எழுந்தது. கூடத்துக்குள் கைதட்டினார்கள். "அப்டியே கீதுபா!" என்று யாரோ வியந்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் வெளியே தெருவிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "கேஸு! கேஸு வுட்டுட்டான்! புள்ளைய தூக்குடி!"

ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் பாதியில் அறுந்தது. அது இன்னும் மோசமாகப் போயிற்று. "சைரனே நின்னுப்போச்சு, ஊதுறவனே ஓடிட்டான்டா, ஓடு!" என்றார்கள். பட்டனை அவள் அமுக்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட எழுந்து ஓடினார்கள். ஒரே வாசல். நாற்காலிகள் சரிந்தன, ஒரு கம்ப்யூட்டர் விழுந்தது, படியில் ஒரு பெண் கீழே விழுந்து அலறினாள். நான் மைக்கை எடுத்தேன். "பொதுமக்கள் பயப்பட வேண்டாம், எந்த ஆபத்தும் இல்லை. இது பிள்ளைகளின் விளையாட்டு."

வாசலில் இடித்துக்கொண்டு போன ஒருவர் திரும்பிக் கத்தினார். "அன்னிக்கும் வண்டில வந்து இதையேதானடா சொன்னானுங்க!"

உண்மைதான். வாயு வந்த அன்றும் வண்டியில் வந்தவர்கள் இதே வார்த்தைகளைத்தான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மைக்கை வைத்துவிட்டுத் திரும்பினேன். மேடையில் மகள் இல்லை.

வீட்டில் இல்லை. என் மனைவி அழுதுகொண்டே தெருவின் ஒரு முனைக்கு ஓடினாள், நான் மறுமுனைக்கு. ரயில் பாதையை நினைத்தேன், லாரிகள் ஓடும் சாலையை நினைத்தேன். பெயர் சொல்லிக் கத்தினேன். ஊர் முழுக்கப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. யாருடைய குரலும் யாருக்கும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் சுற்றினேனோ தெரியாது. பிறகு ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த லுங்கி மேற்குப் பக்கமாகப் படபடப்பதைப் பார்த்தேன். கடல்காற்று. அவள் விளையாட்டில் அம்புக்குறி மேற்கே காட்டினால் சிறுமி வடக்கே ஓட வேண்டும். வடக்கே முகத்துவாரம்.

அங்கேதான் இருந்தாள். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் ஓரம், முழங்கால் வரை சாம்பல் நிறச் சேறு. முகத்துவாரத் தண்ணீரிலேயே தன் துப்பட்டாவை நனைத்து மூக்கை மூடியிருந்தாள். வலை அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் அவள் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"உம் பொண்ணாபா? ஒண்ணும் இல்லம்மான்னு நானும் சொல்லிகினே கீறேன். அந்தக் கலீஜ் துணிய மூக்கவுட்டு எடுக்க மாட்டேங்குது."

நான் அதை மெல்ல எடுத்தேன். "நைனா" என்றாள். வீட்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டேன்.

"நீதானம்மா பட்டன அமுக்குன?"

"ஆமா."

"அது உன் சத்தம்னு உனக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் ஓடுன?"

சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "நான் அமுக்குனேன். அதே நேரத்துல அவுங்களும் அடிச்சிருந்தா?"

ஈரத் துப்பட்டாவைப் பிழிந்து என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

படியில் விழுந்த பெண்ணுக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு. தெருமுனையில் மீன் விற்கிறவர். மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு போனேன். திட்டுவார் என்று தலை குனிந்தபடி நின்றேன்.

"வா கம்ப்யூட்டரு வாத்யாரே. ஆரஞ்சு மட்டுந்தானா? ஹார்லிக்ஸ் இல்லியா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எங் காலு கெடக்குது வுடு. இனிமேட்டு நெசமாவே ஊதுனா எவன் ஓடுவான், சொல்லு? எல்லாம் உம் பொண்ணு மூஞ்சியத்தான் பாப்பானுங்க."

அது சாபம் இல்லை. கணக்காகச் சொன்னார். வகுப்பை நானே நிறுத்தினேன். பிள்ளைகள் இரண்டு நாள் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். மகள் சைரன் கோப்பை அழித்தாள். என் போனிலும் அழிக்கச் சொல்லி, அழிகிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, தண்ணி லாரி வந்த நேரம். தெருவே குடங்களோடு வரிசையில் நின்றது. நான் குழாயைப் பிடித்திருந்தேன், மகள் குடத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். சைரன் ஊதியது.

யாரும் ஓடவில்லை. வரிசை முழுவதும் திரும்பி என் மகளைப் பார்த்தது. "இன்னா பாப்பா, மறுபடியும் படங் காட்றியா?" என்று முன்னால் நின்ற பெண் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். சைரன் விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தச் சில நொடிகளில் நானும் அவளைச் சந்தேகித்தேன். எங்கேயாவது ஒரு நகல் வைத்திருப்பாளோ, தோழியிடம் கொடுத்திருப்பாளோ என்று. கையில் குடத்தோடு என் கண்ணெதிரே நிற்கிற பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்தேன். அவள் அதை என் முகத்தில் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

"என்னுது இல்ல ஆன்ட்டி" என்றாள் கடைசியில், மெதுவாக. "சத்தியமா என்னுது இல்ல."

குழாயைப் போட்டுவிட்டு என் துண்டை வழிந்த தண்ணீரில் நனைத்து அவள் மூக்கில் வைத்தேன். கையைப் பிடித்து வடக்கே நடந்தேன், பிறகு ஓடினேன். நாங்கள் ஓடுவதை மற்றவர்கள் பார்த்த பின்பே குடங்கள் கீழே விழும் சத்தம் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் கேட்டது.

தொழிற்சாலையில் பழுது பார்த்த சைரனை ஊதிப் பார்த்தார்களாம். சாயங்காலம் வண்டி வந்து சொல்லிவிட்டுப் போனது. ஒன்றும் நடக்கவில்லை. அன்று மகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடி.

"நீயும் நான்தான்னு நெனச்சியா, நைனா?"

இல்லை என்று சொன்னேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.