நயினார் விழுந்த காட்சி

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் நயினாருக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. லாரி வரும்வரை சும்மா இருக்க மாட்டாமல் காற்றைக் குத்திக்கொண்டிருப்பார். புத்தரிக்கண்டம் மைதானத்தில் குத்துச்சண்டை போட்ட காலத்திலேயே அப்படித்தான். அடிபட்டு விழுந்தால் நடுவர் எட்டு எண்ணும்வரை கிடந்து மூச்சு வாங்குவார்; உடனே எழுந்துவிடுவார். பத்து எண்ணிவிட்டால் தோல்வி; அப்படி எண்ணி அவர் கேட்டதே இல்லை.

"ஒரு தடவையாவது கீழேயே கெடந்தா என்ன, மானமா போயிரும்?" என்று மனைவி மாடம்மாள் வீங்கிய முகத்துக்கு ஒத்தடம் கொடுத்தபடியே திட்டுவாள்.

எழுபத்துநாலாம் வருஷம், மகளுக்காகச் சண்டை போட்டுச் சாகும் குத்துச்சண்டைக்கார அப்பனைப் பற்றி ஒரு மலையாளப் படம் எடுத்தார்கள். வசனத்தில் வீரம் பேசிய கதாநாயகன் சண்டை மேடைப் பலகையில் விழ மாட்டேன் என்றுவிட்டான். அவனுக்குப் பதிலாக விழ நயினாரைக் கூப்பிட்டார்கள். வேடிக்கை பார்க்க மாடம்மாளும் போனாள்.

நயினார் விழுந்தார். எட்டு எண்ணியதும் எழுந்தார். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் எழுந்தார்.

"எடோ, இது அச்சன் சாகிற சீனாக்கும்! எந்தினு எழும்புறே?" என்று டைரக்டர் குதித்தார்.

"நான் எங்க சார் எழும்புறேன்? காலுல்லா எழும்புது!"

அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எட்டு. கால் துடித்து அடங்கியது. ஒன்பது. டைரக்டரின் முகம் மலர்ந்தது.

பத்து எண்ணுவதற்குள் மாடம்மாள் காமிராவுக்குக் குறுக்கே ஓடிவந்து, அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிங்க! எட்டு தாண்டியாச்சு, எந்திரிங்க!"