மெத்தை போட்ட புல்வெட்டி

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்குக் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டி வண்டி ஒன்றை வாங்கி வந்தார். கொல்லையில் இருந்த புல்லைவிட வண்டியில் இருந்த துரு அதிகம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவதாக மனைவி சொல்லிவிட்டார்.

அவர் கார்புரேட்டரைக் கழுவினார், பெல்ட்டை மாற்றினார், பிளேடைத் தீட்டினார். அத்தோடு நின்றிருந்தால் வண்டி ஓடியிருக்கும். ஆனால் ஆயுளெல்லாம் கட்டைச் சீட்டில் நொந்த முதுகு கேட்கவில்லை. சீட்டின்மேல் ஒரு சாண் உயரத்துக்கு மெத்தை தைத்துப் போட்டார்.

ஞாயிறன்று எஞ்சின் கிளம்பியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அணைந்தது. திரும்பத் திரும்ப அதே கதை.

“சீவிச் சிங்காரிச்சது போதும், இறங்குங்க,” என்று மனைவி ஏறி உட்கார்ந்தார். வண்டி சமர்த்தாகப் புறப்பட்டது.

“என்ன மந்திரம் போட்டே?” என்று கத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது. பிரேக்கை விட்ட பிறகு, ஆள் உட்கார்ந்திருந்தால் மட்டும் எஞ்சினை ஓடவிடும் சுவிட்ச் ஒன்று சீட்டுக்கு அடியில் உண்டு. அவருடைய ஒட்டடைக்குச்சி உடம்பின் எடை மெத்தையைத் தாண்டி அதை எட்டவில்லை.

“மெத்தையில பாதியை எடுத்துட்டா நானும் ஓட்டலாம்,” என்றார், வண்டிக்குப் பக்கத்தில் ஓடியபடி.

“மெத்தையில கை வெச்சீங்க, அவ்வளவுதான்! எவ்வளவு சுகமா இருக்கு! முன்னால கிடக்கிற கல்லைப் பொறுக்குங்க.”

அவர் செய்த வேலைக்கு வீட்டில் கிடைத்த முதல் பாராட்டு அது. கல்லைப் பொறுக்கக் குனிந்தார்.