சொக்னாவின் ஆமை

தியெஸ் நகரத்துத் தையற்காரி சொக்னா பல்லியைக் கண்டாலே கட்டிலில் ஏறிவிடுகிறவள். அப்படிப்பட்டவள், கார் பட்டறையில் வெறும் சோற்றைத் தின்று ஓடு மெத்தென்று ஆகிக் கிடந்த ஆமையை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். தினமும் வெயிலில் விட்டாள், வெதுவெதுப்பான நீரில் உட்காரவைத்தாள். அது தலையை நீட்டவேயில்லை.

"ஆமை செத்தா உனக்கு யாரோ செய்வினை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்டி," என்றாள் பக்கத்து வீட்டு யாசின்.

"எனக்கு யாரு வெப்பாங்கக்கா?"

"நீ குட்டையாத் தச்சுக் கெடுத்த கவுனெல்லாம் கொஞ்சமா?"

சொக்னாவுக்கு ஒவ்வொரு கவுனாக நினைவில் வந்தது. அவற்றை எண்ணிக்கொண்டே ஆமைக்குப் புல் போட்டாள். மறுகணம் அவள் போட்ட கூச்சல் தலைநகர் டக்கார்வரை கேட்டதாம்.

யாசின் ஓடிவந்தாள். "செத்துருச்சா?"

"இல்லக்கா," கால்விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள் சொக்னா. "மருதாணி வெச்ச விரலப் பழம்னு நெனச்சுக் கடிச்சிருச்சு. பசிக்குதாம்."