அவர் எழுதிக் கொடுத்த ஸ்பிரிங்

பழிவாங்குவது கெட்ட குணம் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் நெஞ்சு குளிரத்தான் செய்கிறது.

புதுச்சேரியில் கொடி மாறிய மறுவருஷம் அது. நான் போலீஸ் ஆயுத அறையில் மெக்கானிக்காக இருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் சேர்ந்தவன். எங்களைப் போன்றவர்களைப் புது சர்க்கார் வைத்துக்கொள்ளுமா, வீட்டுக்கு அனுப்பிவிடுமா என்பது முடிவாகவில்லை. ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து வரும்போது தினமும் அதே கவலைதான். மதராஸ் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த அதிகாரி கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும்; போடாவிட்டால் இல்லை.

அவருக்குச் சுடுவதில் பித்து. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பிஸ்டல்களில் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். ஒருநாள் பயிற்சியில் அது நடுவில் சிக்கிக்கொண்டது. தோட்டாக்களும் பழைய சரக்கு, கடல்காற்றில் கிடந்து மருந்து நமுத்திருந்தது. "தோட்டாதாங்கய்யா கோளாறு" என்றேன். கன்னத்தில் அறைந்தார். பிறகு அந்தப் பிஸ்டலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, நாற்பது போலீஸ்காரர்களுக்கு எதிரில் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்.

"வெள்ளக்காரன் எச்சித் தட்டக் கழுவுனவன்தானடா நீ? இன்னொரு தரம் இது சிக்குச்சுன்னா மூட்டையக் கட்டிக்க" என்றார். நாற்பது பேரில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"என்னாங்க, துப்பாக்கியத் தலமேல தூக்கிகினு நின்னீங்களாமே? மில்லு கேட்டுல பேசிக்கிறாங்க."

சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனேன். அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். எப்படி என்று தெரியாது.

வழியை அவரே கொண்டுவந்து கொடுத்தார். சுடும் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆயுத அறைக்கு வந்து, "சுட்டா கை ரொம்ப உதறுது. ஸ்பிரிங்கக் கனமாப் போடு" என்றார்.

அந்தப் பிஸ்டல் வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. சுட்டதும் அதன் மேல்பாகம், ஸ்லைடு என்பார்கள், பின்னால் பாயும். பாயும்போது காலித் தோட்டாவைப் பிடுங்கி வெளியே எறியும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் தடுத்து மறுபடி முன்னால் தள்ளும். வரும் வழியில் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்துபோனால் ஸ்லைடு பின்னால் போய்ப் படாரென்று மோதும், கை உதறும், சில சமயம் முழுசாகத் திரும்பி மூடவும் தெம்பிருக்காது. ரொம்பக் கனத்தால் வேறு வம்பு. நமுத்த தோட்டாவால் அதைத் தள்ள முடியாது. ஸ்லைடு பாதி வழியில் திரும்பிவிடும், காலித் தோட்டா வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கை ஒரு கம்பியில் செருகி நிறுத்தி, மேலே எடைக்கல் ஏற்றி, எத்தனை கிலோவுக்கு அமுங்குகிறது என்று பார்ப்பேன். அந்த ரகத்துக்கு நாலு கிலோ சரியான கணக்கு.

"நாலு கிலோதாங்கய்யா இதுக்கு. அஞ்சு போட்டா இந்தத் தோட்டாவுக்கு மாட்டிக்கும்."

"எனக்கே பாடம் நடத்துறியா? அஞ்சு போடு."

"சரிங்கய்யா. சீட்டு எழுதிக் குடுத்துடுங்க."

எழுத்துச் சீட்டு இல்லாமல் ஆயுத அறையில் ஒரு திருகாணி நகராது. பிரெஞ்சுக்காரர்கள் எங்களை அப்படிப் பழக்கியிருந்தார்கள். அவர் சிரித்துவிட்டார். "அவன் கப்பலேறிட்டான், அவன் சீட்டு இன்னும் ஏறல" என்று சொல்லி, ஐந்து கிலோ ஸ்பிரிங் பொருத்தவும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மேஜைமேல் எறிந்தார். அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

போட்டியன்று பெரிய அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் முதல் குண்டைச் சுட்டார். சிக்கியது. தட்டி எடுத்துவிட்டு இரண்டாவது சுட்டார். மறுபடி சிக்கியது. பத்துக் குண்டில் ஏழு தடவை நின்று நின்று, காலித் தோட்டாவை விரலால் நோண்டி எடுத்தார். அதே நாற்பது பேர் அங்கே இருந்தார்கள். முதலில் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. எனக்கு அந்தச் சத்தம் கல்யாண மேளமாகக் கேட்டது.

பிஸ்டலை நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். நான் சீட்டை எடுத்து, நாற்காலியில் இருந்த பெரிய அதிகாரியிடம் கொடுத்தேன். பெரியவர் படித்துவிட்டு, அவரைத் திரும்பிப் பார்த்து, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். ஸ்பிரிங்கைச் சாயங்காலம் எடைபோட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஐந்து கிலோவுக்குச் சரியாக அமுங்கியது.

அமுங்காமல் என்ன செய்யும்? சாயங்காலம் அதில் இருந்தது ஐந்து கிலோ ஸ்பிரிங்தான். காலையில் இருந்தது ஆறரைக் கிலோ. பிஸ்டல் மத்தியானமே என் மேஜைக்குத் திரும்பிவிட்டது; மாற்ற இரண்டு நிமிஷம் போதும்.

இன்னொன்றும் உண்டு. அவர் சீட்டு எழுதிக் கொடுத்த அன்று பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி எடைபோட்டேன். மூன்று கிலோவிலேயே படுத்துவிட்டது. தளர்ந்துபோனதை மாதக்கணக்கில் நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். பயிற்சியில் சிக்கியது தோட்டாவால் அல்ல, என்னால். ஐந்து கிலோவைப் பொருத்திப் பத்துத் தோட்டா சுட்டும் பார்த்தேன். பத்தும் தடங்கலில்லாமல் போயின. கை உதறவில்லை. அவர் கேட்டதுதான் அந்தப் பிஸ்டலுக்கு வேண்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டியில் இருந்ததிலேயே கனமானதைத் தேடி எடுத்தேன்.

மறுநாள் காலை அணிவகுப்பில் அவர் என் பெயரைச் சொல்லி முன்னால் கூப்பிட்டார். கையில் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் இருந்தது, கையெழுத்தோடு. அந்த நாற்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நீ சொன்னத நான் கேட்டிருக்கணும். அன்னிக்கு உன்ன அடிச்சது தப்பு. மன்னிச்சுக்க."

காகிதத்தை வாங்கிக்கொண்டேன். "பரவால்லீங்கய்யா. இனிமே நான் சொல்றதக் கேளுங்க" என்றேன்.