எழவு வீட்டில் அழுத மச்சான்

எங்கள் லுவாங்வா ஆற்றங்கரைக் காட்டுக்கு விமானம் ஏறி வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சொந்த ஊரில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் தெருவை மாற்றிக்கொள்கிற ஆட்கள், இங்கே வந்து சிங்கத்தின் காலடித் தடத்துக்குப் பக்கத்தில் தங்கள் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஜீப்பில் போவது போதாதாம், காட்டுக்குள் நடக்க வேண்டுமாம். நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துப்பாக்கிக்காரன், அடுத்து வழிகாட்டி, அவனுக்குப் பின்னால் காசு கொடுத்துப் பயப்பட வந்தவர்கள்.

கசோண்டே வழிகாட்டி. அவனுக்கு முன்னால் துப்பாக்கியோடு நடந்தவன் லெவிசன் ஜெரே. கல்யாணம் செய்துகொண்டவளின் முகத்தைவிட ஜெரேயின் முதுகைத்தான் கசோண்டே அதிகம் பார்த்திருப்பான்.

கசோண்டே பெம்பா இனம், ஜெரே ங்கோனி இனம். ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்ட இந்த இரண்டு கூட்டமும் இப்போது வாயால் குத்திக்கொள்கின்றன. மாமன் மச்சான் முறை மாதிரிதான். எங்கே பார்த்தாலும் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. பெம்பாக்கள் குரங்கு தின்கிறவர்கள் என்று ங்கோனிகள் சொல்வார்கள். ங்கோனிகள் வயலில் குழி தோண்டி எலி பிடித்துத் தின்கிறவர்கள் என்று பெம்பாக்கள் சொல்வார்கள். எது பொய் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் குண்டா என்கிற மூன்றாவது கூட்டம், எனக்கெதற்கு வம்பு?

"மச்சான், மரத்து மேல உங்க சித்தப்பா உக்காந்திருக்காரு பாரு. கும்பிட்டுட்டுப் போ" என்பான் ஜெரே, திரும்பிப் பார்க்காமல்.

"அவரு இருக்கட்டும்டா எலிதின்னி. குழியக் கண்டதும் நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டுக் குனியாத. துப்பாக்கி வெடிச்சுத் தொலைக்கப்போவுது."

பின்னால் வரும் வெள்ளைக்காரர்கள் ஏதோ சிறுத்தையைப் பற்றித்தான் ரகசியமாகப் பேசுகிறார்கள் என்று மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

போன மழைக்காலத்தில் ஜெரே மலேரியாவில் செத்துப்போனான். விருந்தாளிகளிடம் இதைச் சொன்னால் அவர்கள் முகம் தொங்கிப்போகிறது. அத்தனை வருடம் காட்டில் துப்பாக்கி சுமந்தவனைக் கொன்றது ஒரு கொசு என்றால் யாருக்கு ருசிக்கும்?

எங்கள் பக்கத்துச் சாவில் கேலி முறைக்காரனுக்கு ஒரு வேலை உண்டு. வீட்டு ஆட்கள் அழுவார்கள், அவன் வந்து சவப்பெட்டியை மறித்துக்கொண்டு செத்தவனை வம்புக்கு இழுக்க வேண்டும். "சோம்பேறி, எந்திரிடா" என்பான். அழுகிறவர்கள் அழுகைக்கு நடுவே சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் செத்தவன், சரி, எல்லாம் முடிந்தது என்று கிளம்புவானாம்.

கசோண்டே வந்தான், பெட்டிக்கு முன்னால் நின்றான். கூட்டம் அவன் வாயைப் பார்த்தது. அவனோ மடேரென்று உட்கார்ந்து, கூடப் பிறந்தவன் மாதிரி அழுதான்.

"அழுறதுக்கு நாங்க இருக்கோம். இவன் எதுக்கு வந்தான்?" என்றார் ஜெரேயின் பெரியப்பா. சிரிப்பில்லாமலே மண் தள்ளினார்கள்.

ஜெரேயின் இடத்துக்குச் சகாலா என்ற இளைஞன் வந்தான். முதல் வாரத்திலேயே அவனுக்கு ஒன்று உறுத்தியது. கசோண்டே அவன் முதுகை ஒட்டி நடப்பதில்லை. சரியாக ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டே வந்தான். அந்த வெற்றிடத்தைப் பார்த்து அவ்வப்போது சிரிக்கவும் செய்தான்.

"அண்ணே, எனக்கும் உங்களுக்கும் நடுவுல யாரு நடக்குறா?"

"அட, உனக்கும் தெரியுதா?" என்றான் கசோண்டே, முகமெல்லாம் மலர்ந்து.

சகாலாவுக்கு அன்று காலைக் களி இறங்கவில்லை.

ஒரு நாள் விருந்தாளிகளாக வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி ஜோடியை நடத்திக் கூட்டிப்போனார்கள். ஆற்று வளைவில் சகாலா கையைத் தூக்கி வலப்பக்கம் காட்டினான். அதே நேரம் இடப்பக்கத்திலிருந்து நாக்கைச் சொடுக்கும் சத்தம் கசோண்டேவுக்குக் கேட்டது. 'இந்தப் பக்கம் வா' என்பதற்கு ஜெரே தருகிற சத்தம் அது. யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பினான், பின்னால் இருந்த இருவரும் திரும்பினார்கள். புதருக்குப் பின்னால் குட்டியோடு ஒரு யானை நின்றது. காதை விரித்து ஓடி வந்தது. புழுதி இவர்கள் முகத்தில் அடிக்கிற தூரத்தில் ஏனோ நின்று, திரும்பிப் போய்விட்டது. சகாலாவின் விரல் துப்பாக்கி விசையிலேயே விறைத்திருந்தது.

"ஜெரே வழிய மாத்திக் காட்டிட்டானா, இல்ல என்னையும் கூப்பிட்டானா?" என்று கசோண்டே சகாலாவிடமே கேட்டான்.

சகாலா நேராக ஜெரேயின் மனைவியிடம் போய்ச் சொல்லிவிட்டான். அமாய் ஜெரே, எங்கள் பேச்சில் ஜெரே அம்மா, மறுநாள் மத்தியானம் முகாமின் வேலையாட்கள் குடியிருப்புக்கு வந்து நின்றாள்.

"வெளிய வாய்யா குரங்குதின்னி."

"அமாய், உக்காருங்க."

"உக்கார வரல. என் புருஷன் உன்கூட நடக்குறாராமே?"

கசோண்டே தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னைக்குப் பெட்டி முன்னால ஏன்யா கேலி பண்ண வாயத் தொறக்கல?"

"தொறந்தா போயிடுவானே, அமாய்."

"போகத்தானே வேணும்! பகல்ல உன்கூட நடந்துட்டு, பொழுது சாஞ்சா என் வாசல்ல வந்து துப்பாக்கியச் சாத்துறாரு. சத்தம் கேக்குது, போய்ப் பாத்தா ஆளில்ல. சின்னவ கதவத் தொறந்து வச்சிக்கிட்டு அப்பா வருவாருன்னு காத்திருக்கா. உனக்குத் துணை வேணும்னு அந்த மனுஷன நாயா அலைய விடுவியா?"

கசோண்டே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

கல்லறை மேட்டில் ஜெரேயின் பெரியப்பாவும் உறவுக்காரர்கள் கொஞ்சப் பேரும் கூடினார்கள். கசோண்டே தொண்டையைச் செருமிக்கொண்டான். குரல் முதலில் கீச்சென்றுதான் வந்தது.

"டேய் எலிதின்னி! எலி புடிக்கிறேன்னு குழிக்குள்ள எறங்குனவன் இன்னுமா மேல வரல? உள்ள இருக்குற எலியெல்லாம் ஒருத்தனாத் திங்காதடா. பொண்டாட்டிக்கு ரெண்டு தூக்கிப் போடு!"

முதலில் பெரியப்பாவின் தோள் குலுங்கியது. அமாய் ஜெரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். அத்தனை நாள் தூக்கமில்லாத முகம் அந்தச் சிரிப்பில் தளர்ந்தது.

கசோண்டே மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, காதைக் கொடுத்து நின்றான். அவன் ஒன்று சொல்லி ஜெரே திருப்பிக் கொடுக்காத நாளே கிடையாது. கூட்டம் கலைந்தது. அவன் அப்படியே நின்றான்.

"போலாம்யா" என்றாள் அமாய் ஜெரே, எழுந்து துணியை உதறியபடி.

"அமாய், நீங்களாவது குரங்கப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்களேன்."

அவள் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.