பளிச்சம்மா பூட்டிய திரை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதை எனக்குச் சொன்னவர் என் அக்காவைக் கட்டிய அத்தான். பேய் என்றாலே வயிறு குலுங்கச் சிரிக்கிற மனிதர். அவர் கதை கட்டுவதாக இருந்தால் தன்னைப் பெரிய வீரனாகக் காட்டித்தான் கட்டியிருப்பார். இதைச் சொல்லும்போது ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் நான் நம்புகிறேன்.

அத்தானுக்கு ஒரு சோப்புத் தொழிற்சாலையில் கன்ட்ரோல் ரூம் வேலை. கீழே ஆலை. மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. பம்பை ஓட்டுவது, வால்வைத் திறப்பது எல்லாமே அங்கிருக்கும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்துதான். அந்தத் திரைக்கு முன் யார் உட்கார்ந்தாலும் ஆலை அவர் சொன்னபடி ஆடும். அதனால் மூன்று நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்ட் போட்டால்தான் திறக்கும்.

அத்தானுக்கு அது பெரிய தொல்லை. டீ குடித்துவிட்டு வந்தால் பாஸ்வேர்ட். ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால் பாஸ்வேர்ட். அதை ஒரு தாளில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டியும் பார்த்தார். போதவில்லை. கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மல்லாக்க வைத்து, அதன்மேல் மவுஸை வைத்துவிடுவார். நொடி முள் ஓட ஓட, யாரோ மவுஸை அசைக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் ஏமாந்துகொண்டே இருக்கும். திரை பூட்டாது. இதில் அவருக்குப் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆலை ஓடவில்லை. கீழே ஃபிட்டர்கள் இருவர் சுடுதண்ணீர்க் குழாயைக் கழற்றிப்போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் மவுஸைக் கடிகாரத்தின்மேல் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனார். அப்போது மதியம் 2.11.

2.20க்குச் சுடுதண்ணீர் வால்வு திறந்தது.

மூத்த ஃபிட்டரின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. உயிர் தப்பினார். அந்தக் கை விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை.

மூக்கை மறைத்துத் துணி கட்டிக்கொண்டு அந்த அறையைத் தினமும் சுத்தம் செய்தவர் ஒரு அம்மாள். அவர் கை பட்டால் எதுவும் பளிச்சென்று ஆகிவிடும் என்பதால் எல்லோரும் பளிச்சம்மா என்றே கூப்பிடுவார்கள். விசாரணையில் அத்தான் மூன்றே வாக்கியம் பேசினார். "நான் பூட்டிட்டுத்தான் போனேன். பாஸ்வேர்ட் கீபோர்டுக்கு அடியில இருக்கு. அது பளிச்சம்மாவுக்குத் தெரியும்."

முதலாவது பொய். இரண்டாவது உண்மை. மூன்றாவது அவருக்கே தெரியாது. மேஜை துடைக்கும்போது துணி பட்டு ஏதோ அழுந்தியிருக்கும் என்று அவராக நினைத்துக்கொண்டார். எல்லோரும் அப்படியே நினைத்தார்கள். பளிச்சம்மாவை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் விசாரணை முடிந்தது. மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை.

படியிறங்கிப் போனபோது அவர் அத்தானைப் பார்த்தாராம். கோபமாகக்கூட இல்லை. ஐயோ பாவம் என்பது போல. அந்தப் பார்வைதான் சோறு இறங்க விடவில்லை என்றார்.

அதன் பிறகு அறைக்கு அட்டைப் பூட்டு வந்தது. மேனேஜர் அட்டைக்கும், அந்த ஷிஃப்டில் இருக்கும் ஆபரேட்டரின் அட்டைக்கும்தான் கதவு திறக்கும். அவரவர் பாஸ்வேர்ட் அவரவர் மனதில். ஏழு மாதம் அத்தான் ஒழுங்காக இருந்தார். ஆனால் நாய் வாலை எத்தனை நாள் நிமிர்த்தி வைக்க முடியும்? ஒரு ஞாயிறு மதியம் மறுபடி கடிகாரத்தைக் கழற்றினார்.

2.10க்குப் போனார். 2.25க்கு வந்தார்.

திரை பூட்டியிருந்தது.

கடிகாரம் மவுஸுக்கு அடியில் இல்லை. மேஜை ஓரத்தில், வார் மடித்து, அழகாக வைக்கப்பட்டிருந்தது. கீபோர்டைத் தொட்டார். ஈரம். பினாயில் வாசனை. பளிச்சம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்ய யாரும் வருவதில்லை. மேனேஜர் ஊரிலேயே இல்லை.

நாம்தான் மறந்திருப்போம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் வைத்தார். இந்த முறை சாப்பிடப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

2.14. ஒன்றுமில்லை.

2.17. ஒன்றுமில்லை.

2.19... நாற்காலி மெல்லத் திரும்பியது. யாரோ எழுந்து போக வழிவிடுவது போல.

பிறகு மவுஸ் கொஞ்சம் உயர்ந்தது. அடியிலிருந்து கடிகாரம் நகர்ந்து வந்தது. மேஜை ஓரம் வரை.

டக்... டக்.

திரையைப் பூட்டும் இரண்டு விசை.

திரை இருண்டது.

இருண்ட திரையில் ஓர் உருவம் தெரிந்தது. மூக்கை மறைத்துக் கட்டிய துணி. குனிந்து... மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அறைக்குள் யாரும் இல்லை.

அத்தான் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. பளிச்சம்மா செத்துப்போய்விட்டார், என்னைத் தேடி வந்துவிட்டார் என்று பிதற்றினார். அன்றுதான் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கடிகாரம், பொய், எல்லாம். 

"செத்திருந்தா அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்க," என்றாள் அக்கா. "உயிரோட இருந்தா இன்னும் சீக்கிரமாப் போங்க."

மறுநாள் காலை விலாசம் விசாரித்துக்கொண்டு போனார். மூன்றாவது மாடி. வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள். மணியடித்தார்.

கதவைத் திறந்தது பளிச்சம்மா.

உயிரோடு. இளைத்திருந்தார். அத்தான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த டம்ளரைக் கையில் வாங்கியபோதுதான் உடம்பெல்லாம் கூசியது என்றார் அத்தான். அழுதுகொண்டே சொன்னார். பூட்டாமல் போனது, பொய் சொன்னது. பிறகு அந்த இரண்டு ஞாயிறுகள்.

பளிச்சம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் கண்ண மூடினா அந்த ரூம்லதான் சார் நிக்கிறேன். ஏழு மாசமா சும்மா நிப்பேன். இப்ப ரெண்டு வாரமா, நீங்க திரையைத் திறந்து போட்டுட்டுப் போறீங்க. ஓடிவந்து நான் பூட்டிடறேன்."

"எதுக்கும்மா? எனக்காகவா?"

"இல்ல சார். அந்த ஆளு மவுஸ் மேல கைய வைக்கறதுக்குள்ள பூட்டணும்ல."

"எந்த ஆளும்மா?" என்றார் அத்தான்.

"உங்க நாற்காலிக்குப் பின்னாடியே எப்பவும் நிக்கிறாரே," என்றார் பளிச்சம்மா. "யாரு சார் அவரு?"

அத்தான் அங்கிருந்து நேராக மேனேஜர் வீட்டுக்குப் போனார். மேனேஜர் ஒரு பெண்மணி. அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். பளிச்சம்மாவின் கனவு பற்றி அத்தான் சொல்லவில்லை. தன் தப்பை மட்டும் சொன்னார். எழுதியும் கொடுத்தார். அவரைக் கன்ட்ரோல் ரூமிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். காயம்பட்ட ஃபிட்டர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. பளிச்சம்மாவைப் பழைய வேலைக்கே திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. அந்த அறையைத் தவிர வேறு எங்கே என்றாலும் வருகிறேன் என்றாராம்.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டார். விபத்து நடந்த நாளின் கேட் பதிவேடு மேஜையில் விரித்திருந்தது. பளிச்சம்மாவின் கோணல்மாணல் கையெழுத்து. பக்கத்தில் காவலாளியின் கையெழுத்து. வெளியே போன நேரம்: 1.48.

அத்தான் எழுந்து போவதற்கு முன்பே பளிச்சம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஃபிட்டர்கள் இருவரும் குழாயடியில். காவலாளி கேட்டில். அன்றைக்கு ஆலைக்குள் வேறு ஆளே இல்லை. அந்தப் பதிவேட்டை ஒருவர் புரட்டியிருந்தால் போதும். ஒருவரும் புரட்டவில்லை. அத்தானும் புரட்டச் சொல்லவில்லை.

இன்னொரு தாளையும் மேனேஜர் நகர்த்தி வைத்தார். அந்தக் கம்ப்யூட்டர் தானாகப் பதிந்து வைத்த கணக்கு. அன்று அத்தான் போன பிறகு கீபோர்டில் ஒரு விசைகூட அழுந்தவில்லை. மவுஸ் மட்டும்தான். 2.16க்குத் திரையில் முதல் பக்கம். 2.17க்கு அடுத்தது. நிதானமாக, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, கீழே ஃபிட்டர் கை வைத்திருந்த அந்தக் குழாயின் வால்வைத் தேடியெடுத்து...

'திறக்கவா? உறுதியா?' என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது.

'ஆம்.'

2.20.