குரலக்காவின் பாதிச் சொல்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குரலக்காதான். கைபேசியில் வரும் ஆங்கில அகராதியில் ஒரு சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டுமே, அந்தக் குரல் அவருடையது. பக்கத்து அறையில் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைச் சரிபார்ப்பவன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன். அந்த நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

பதிவறை என்பது சுவரெல்லாம் பழைய மெத்தை ஒட்டிய ஒரு பெட்டி. சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவோம். எந்தச் சொல்லையும் மூன்று தடவை சொல்ல வேண்டும். முதலாவதில் தயக்கம் இருக்கும், மூன்றாவதில் அலுப்பு வந்துவிடும். நடுவில் உள்ளதைத்தான் எடுப்போம். வருடக்கணக்கில் இப்படியே பேசிப் பேசி அக்காவுக்கு வீட்டிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. "சாப்பிட வா, சாப்பிட வா, சாப்பிட வா" என்பாராம். "நடுவுல சொன்னது கேட்டுச்சும்மா" என்று மகள் உள்ளேயிருந்து கத்துவாளாம்.

ஒரு வாரம் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உள்ளே வீக்கம், கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது, மீறினால் குரல் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கென்று பார்த்து வந்து சேர்ந்தது 'ரன்'. ஓடுவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, மூக்கு ஒழுகுவது, துணி சாயம் போவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வாக்கியம் வேறு.

"தேர்தல்ல நம்மாளு நிக்கிறான், இங்கிலீஷ்காரன் ஓடுறான். பாத்தியா தம்பி?"

"பேசாதீங்கக்கா. தொண்டைய மிச்சம் புடிங்க."

"பேசத்தானேப்பா கூப்பிட்டு உக்கார வெச்சிருக்காங்க."

ரன் முடிந்தது. ரன்னிங் முடிந்தது. பாக்கி இருந்தது இறந்தகாலத்துக்கான 'ரேன்'. வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது.

மேனேஜர் பதிவறைக் கதவைத் திறந்தார். "இன்னைக்கு இது போயாகணும்மா. இல்லேன்னா வேற குரல் பாத்துக்கறோம்னு மேலிடத்துல சொல்றாங்க. ஒரே ஒரு தடவை, முயற்சி பண்ணுங்க."

அக்கா தண்ணீர் பாட்டிலை மூடினார். கழுத்தெல்லாம் வியர்வை.

"முடியாது சார். முடியாது. முடியாது."

மேனேஜர் என்னைப் பார்த்தார். பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நடுவுல இருக்கறத எடுத்துக்கோ தம்பி" என்று கரகரத்துவிட்டு, அக்கா பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இப்போது அகராதியில் 'ரன்' என்பதைத் தொட்டால் அக்கா பேசுவார். அடுத்த வரியில் 'ரேன்' என்பதைத் தொட்டால் யாரோ ஒரு புதுப் பெண், துறுதுறுவென்று.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். குரல் திரும்பிவிடும் என்கிறாராம் டாக்டர். வேலை திரும்பாது. அக்கா வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவரட்டும் என்று உள்ளே இருந்த மகளைக் கை தட்டிக் கூப்பிட்டார், மூன்று தடவை.

"நடுவுல தட்டினது கேட்டுச்சும்மா" என்று பதில் வந்தது.